அரை அங்குலத் துளை

"அந்த வண்டு செத்தது என் அம்புல. உன் கணக்குல சேத்துக்காத."

"உங்க அம்பா? உங்க அம்பு கோழிக்கூண்டு மேல கிடக்கு. போய் எடுத்துட்டு வாங்க அண்ணி!"

"பொய் சொல்லாதடா. நான்தான் முதல்ல குறி வெச்சேன்."

"குறி வெச்சா போதுமா? படணுமே!"

புகையிலைக் கொட்டகை முன்னால் வனெட்டாவும் அவள் கொழுந்தன் டெல்மரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. இரண்டு பேர் கையிலும் வில். தோற்றவர் ராத்திரிக்குச் சோளரொட்டி சுட வேண்டும்.

ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள்.

ஏப்ரல் வந்துவிட்டால் கென்டக்கியில் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் இந்த வண்டுகள்தான். கட்டைவிரல் பருமன் இருக்கும். மரத்தைக் குடைந்து முட்டை வைக்கும். துளை வாசலில் அந்தரத்தில் நின்று ஆளை முறைக்கும். ரப்பர் முனை வைத்த அம்பால் அடித்தால் மரம் கெடாது, பொழுதும் போகும்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே அடிப்பார்கள். டெல்மர் விழுந்த வண்டை பூட்ஸ் காலால் தேய்ப்பான். மண்ணோடு மண்ணாகும் வரை தேய்ப்பான்.

போன ஆகஸ்டில் அவன் அண்ணன் ராய்ஸ், வனெட்டாவின் புருஷன், இந்தக் கொட்டகைக்குள்தான் விழுந்து செத்தான். புகையிலையைக் காயப்போட மேல்வரிசைக் குறுக்குக் கட்டைகளில் காலை அகட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து விழுந்தான். பக்கத்தில் ஒரு கட்டை முறிந்து கிடந்தது.

வண்டு குடைந்த கட்டை என்றது ஊர். டெல்மர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பிடித்துக்கொள்ள அவனுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. அன்று காலைதான் நிலத்தை விற்பது பற்றி அண்ணனும் தம்பியும் கத்திக்கொண்டார்கள். "நீ இருந்தா என்ன, செத்தா என்ன" என்று சொல்லிவிட்டு டிரக்கை எடுத்துக்கொண்டு போனவன் டெல்மர்.

வண்டு இல்லையென்றால் அந்த வார்த்தைதான் மிஞ்சும்.

அது வனெட்டாவுக்குத் தெரியும். அதனால்தான் தோள் வலியோடு தினமும் வில்லைப் பிடிக்கிறாள். இல்லாத சண்டையை இழுக்கிறாள். அந்தக் குடும்பத்தில் ஒரு சாவு போதும் அவளுக்கு.

இன்றைக்கு டெல்மர் வில்லைச் சுவரில் சாய்த்தான்.

"அன்னிக்கு முறிஞ்ச கட்டையை நான் இன்னும் பாக்கவே இல்ல அண்ணி. பாக்கணும்."

"ஏன், தோத்துடுவேன்னு பயமா? உன் முறை, அடி."

அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய் மூலையில் கிடந்த தார்ப்பாயை இழுத்தான்.

கட்டை முழுக்கத் துளை. வட்டம் வட்டமாக, அரை அங்குலத்தில். வண்டு போடும் அதே அளவு. டெல்மர் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டான். கண் கலங்கியது.

"பாத்தீங்களா? சல்லடையா ஆக்கி வெச்சிருக்குங்க, பாவிங்க."

இத்தனை மாதத்தில் அவன் தோள் இறங்கி, மூச்சு சீராக வந்ததை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"உள்ள புழு இருக்கும்" என்று அம்பின் ரப்பரைப் பிடுங்கிவிட்டு வெறும் குச்சியைத் துளைக்குள் விட்டான்.

அது தடங்கலே இல்லாமல் போய் அடியில் தரையில் முட்டியது.

அடுத்த துளையில் விட்டான். அதுவும் அப்படியே.

டெல்மரின் கை நின்றது.

பழைய மரத்தைப் பிளந்து பார்த்த எவனுக்கும் தெரியும், வண்டு நேராகக் குடையாது. விரல் நுழையும் ஆழம் போகும், பிறகு மரத்தின் நார் ஓடும் பக்கமாகத் திரும்பிவிடும். நேரே போய் மறுபக்கம் வருவது டிரில் போட்ட துளை ஒன்றுதான்.

டவுனில் வளர்ந்த வனெட்டாவுக்கு அது தெரியாது.

ராய்ஸ் செத்த அன்று சாயங்காலம் அவள் அந்தக் கட்டையைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு துளைகூட இல்லை. வைரம் பாய்ந்த ஓக் மரம். அது கீழ்வரிசைக் கட்டை. மேலேயிருந்து வந்த அவன் உடம்புதான் அதை முறித்திருந்தது. ஏணியடியில் அவன் தொப்பி இருந்தது. தொப்பிக்குள் மூக்குக்கண்ணாடியை மடித்து வைத்திருந்தான். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு அடுத்த படிகூடத் தெரியாது. வேலைக்கு ஏறியவன் கண்ணாடியைக் கழற்றியிருக்க மாட்டான். சாக ஏறியவன்தான் கழற்றுவான்.

டிசம்பரில் டெல்மர் ஊரில் இல்லாத ஒரு நாள் பார்த்து, டிரில்லை எடுத்தாள்.

டெல்மர் குனிந்து துளையின் விளிம்பை விரலால் தடவினான். பிறகு அம்பை உருவினான். ரப்பரை மாட்டினான். தார்ப்பாயைப் போர்த்தி, தூங்குகிற ஆளுக்குப் போர்த்துவது போல ஓரத்தை நீவிவிட்டான்.

"நல்லாத்தான் குடைஞ்சிருக்குங்க" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே ஒரு வண்டு அவன் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அவன் வில்லைத் தொடவில்லை.

"இந்த ஆகஸ்டுல மேல்வரிசைக்கு நான் ஏறுறேன் அண்ணி. வேற ஆள் வெக்க வேணாம்."

வனெட்டா தலையாட்டினாள். அன்று சோளரொட்டியை இரண்டு பேருமே சுடவில்லை.

பேசினால் ராய்ஸிடம் டெல்மர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை அவளே எடுத்து அவன் தலையில் போட்டதாகும். பேசாமல் இருந்தால் அண்ணன் ஏறிய மாதிரியே அவனும் ஏறிவிடுவான்.

இப்படி ஒரு வீட்டில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சும்மா போய்விடாதீர்கள். அவள் அவனிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்? கீழே எழுதுங்கள், ஒரு வரியானாலும் போதும்.