வழிப்போக்கனின் ஆமீன்

“கரண்ட் வந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி முன்னால உக்காந்துடு! அல்லாஹ் கொடுத்த நேரத்தை இப்படியா கரைக்கறது? எழுந்திரு, போய் அஸர் தொழுதுட்டு வா!”

வாப்பா ஷாகிர் தினமும் போடும் சத்தம்தான்.

“கரண்ட் இல்லாமலும் தொழலாம் வாப்பா. பதிவு எழுத முடியுமா?” என்றாள் ரஃபல்.

“வாயைப் பாரு! போ, நிதானமா தொழு. அண்ணனுக்காகக் கேளு.”

அண்ணன் முஹன்னதை, வேலைக்குப் போகும் வழியில் காரை மறித்து யாரோ கொண்டுபோய் இரண்டு மாதம் ஆகிறது. ஆள் கடத்தலும் கொலையும் மலிந்த அந்த வருஷம் பாக்தாதில் பக்கத்து வீட்டில்கூட வாய்விட்டு அழ முடியாது. யார் யாருடைய ஆள் என்று தெரியாது. அதனால்தான் ரஃபலுக்கு வலைப்பூ. தன் பெயர், அண்ணன் பெயர், தெருவின் பெயர் எதையும் அதில் எழுதமாட்டாள். ‘அவன் திரும்பி வர துஆ செய்யுங்கள்’ என்றுதான் ஒவ்வொரு பதிவும் முடியும்.

தவறாமல் பதில் போடுபவர் ஒரே ஒருவர். ‘வழிப்போக்கன்’ என்று பெயர். ‘ஆமீன்.’ அவ்வளவுதான் எழுதுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் மின்சாரத்துக்குக் காத்திருந்தாள்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். பதில் வந்திருந்தது. இன்று ஒரு சொல் அல்ல, ஒரு வரி.

படித்ததும் திரும்பிக் கத்தினாள்.

“வாப்பா! கதவைப் பூட்டுங்க!”

“என்னம்மா?”

“‘மர்ஹூம் முஹன்னதுக்காக ஃபாத்திஹா ஓதுங்கள்’னு எழுதியிருக்கான். மர்ஹூமாம்! செத்துப்போனவங்களுக்குப் போடற சொல்லு! அண்ணன் பேரை நான் எங்கேயும் எழுதினதே இல்ல. இவனுக்கு எப்படித் தெரியும்? தூக்கிட்டுப் போனவங்கதான் இத்தனை நாளா படிச்சிருக்காங்க! வீடும் தெரிஞ்சிருக்கும்... ஏன் நிக்கறீங்க, தாழ்ப்பாள் போடுங்க!”

வெளியே ஒரு காரின் வேகம் குறைந்தது. கார் கடந்து போயிற்று.

வாப்பா கதவுப் பக்கம் போகவில்லை. அவள் நாற்காலியின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டார்.

“வியாழக்கிழமை நான் நின்னது, உன்கிட்ட சொன்ன மாதிரி பெட்ரோல் வரிசையில இல்லம்மா, பிண அறை வரிசையில. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரல... அதான் எப்பவும் ஆமீன் போடற மாதிரியே, நீ தொழப் போன நேரத்துல எழுதிட்டேன்.”