நேற்று நாலு மணிக்கு ஏறிய கோடு

பிற்பகல் வெயில் கணினிக் கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து, மேசைமேல் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டியில் விழுகிறது. "விலை ஏழாயிரத்து ஐந்நூறும்மா. நீ என் தங்கச்சி, ஆறாயிரத்து ஐந்நூறு குடு, போதும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டே அண்ணன் பெட்டியைத் துடைக்கிறான். அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைகளின் இணையதள விலையை மணிக்கு ஒருமுறை குறித்துவைத்து, வாங்குபவர்களுக்குக் கோடாக வரைந்து காட்டும் கருவி ஒன்றை அவள் உருவாக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. "என் கடையிலேயே சோதிச்சுப் பாரேன், எனக்கென்ன பயம்?" என்று போன மாதம் மார்தட்டியவன் இதே அண்ணன்தான். அதோடு மறந்தும் விட்டான். திரையில் இந்த டிஸ்க்கின் கோடு ஒரு மாதமாக ஆறாயிரத்திலேயே படுத்துக் கிடக்கிறது. நேற்று நாலு மணிக்கு ஏழாயிரத்து ஐந்நூறுக்குச் செங்குத்தாக ஏறுகிறது. மூன்றே முக்காலுக்குத்தான் அவள் போன் செய்து, "அண்ணா, எனக்கொரு டிஸ்க் வேணும்" என்றாள். தன் கருவியில்தான் கோளாறு என்று திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்க்கிறாள். கோடு அசையவில்லை. மின்விசிறிக் காற்றில் படபடக்கும் பில் புத்தகத்தை அண்ணன் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிறான். "ஆமா, நீ ஏதோ பண்ணிட்டிருந்தியே, அது வேலை செய்யுதா?" அவள் கைபேசியை மெல்லக் கவிழ்த்து வைக்கிறாள். "செய்யுதுண்ணா. தப்பு இருக்கணும்னு இவ்வளவு நேரம் தேடினேன். ஒண்ணுகூட இல்ல."