நான்காவது கெளுத்தி

தம்பி வளர்த்த கண்ணாடித் தொட்டியில் மூன்று கெளுத்தி மீன்கள்தான் இருந்தன. திங்கட்கிழமை காலை அக்கா தண்ணீர் மாற்றப் போனபோது நான்கு இருந்தன. நான்காவது சாம்பல் நிறத்தில், ஒரு சாண் நீளத்தில், அடியில் படுத்துக் கிடந்தது. போட்ட தீனியை ஐந்து நாளாக அது தொடவே இல்லை. சனிக்கிழமை அவள் மீன் கடைக்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தாள்.

அவர் வலையால் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது தொட்டி மீனே இல்லக்கா. அணையில, ஆழத்துல, சேத்துக்குள்ள கிடக்கிறது. யாரு கொண்டாந்து விட்டா?"

"யாரும் விடல. வீட்ல நானும் அம்மாவும்தான்."

தம்பி அணையில் குளிக்கப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கரையில் சட்டையும் செருப்பும் கிடைத்தன. முக்குளிப்பவர்கள் ஒன்பது நாள் தேடிவிட்டுக் கைவிரித்துவிட்டார்கள். கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாது.

"எதுவும் சாப்பிட மாட்டேங்குது. பட்டினியில செத்துடுமா?"

அவர் மீனின் வயிற்றை விரலால் அழுத்தினார். "பட்டினியா? வயிறு முட்டத் தின்னிருக்கு."

"இது என்ன திங்கும்?"

"அடியில வந்து சேர்றது எதுவானாலும். செத்ததுன்னா விடவே விடாது. எடுத்துட்டுப் போயிடவாக்கா?"

அவள் வலையை வாங்கி மீனைத் தொட்டியிலேயே விட்டாள். பிறகு, "வேண்டாம், இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

அவர் போனதும் உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"என்ன மீனாம்?"

"அவருக்கும் தெரியலையாம், அம்மா."

"போகட்டும் விடு. அவன் வந்து பார்த்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவான்."