கறிக்கு எடுத்தது

விசைப்படகுகளுக்குப் புது விதி வந்திருந்தது. வலையில் ஏறியதையெல்லாம் கரை சேருமுன் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். வீட்டுக் கறிக்கு எடுத்துவைத்த மீனையும் விடக் கூடாது. இறால், கணவாய் எல்லாம் சொல்லி முடித்த இன்னாசி கொஞ்சம் தயங்கினான்.

"பால்சுறா ஒண்ணு. கறிக்கு."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கும் மீன் அது. இரண்டு பிள்ளைகளைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவன் இன்னாசி. இந்தமுறை மனைவியின் பிரசவம் என்ன ஆயிற்று என்று அவனிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

வயர்லெஸ்ஸில் அடுத்த படகிலிருந்து சூசை மாமாவின் குரல் வந்தது.

"புள்ள பால் குடிக்குதாடா?"

"குடிக்கிறா மாமா."

சூசை தன் கணக்கைச் சொன்னார்.

"நண்டு முப்பது கிலோ. பால்சுறா ரெண்டு, கறிக்கு. எங்க வீட்டுக்கு இல்ல."