பழைய சில்லு

மருதாசலத்துக்கு மறதி நோய் முற்றிவிட்டது. அதனால் ஞாயிறுதோறும் மனைவி அம்சவேணியின் நினைவுகளை அவர் தலையிலிருக்கும் நினைவுச் சில்லுக்கு நகலெடுத்துவிட்டுப் போக ஓர் ஆள் வருவான். அவளுடையது புதுச் சில்லு. அவருடையது பழசு, படம் தங்கும், ஒலி தங்காது. இரண்டு நகலும் அச்சாக ஒத்துப்போக வேண்டுமாம். அவர் சில்லில் தங்காததை அவள் சில்லிலும் அழித்துவிடுவார்கள்.

இந்த வாரம், இறந்துபோன மகள் மிருணாவைப் பற்றிய நினைவுகளின் முறை.

"அவ கொரல மட்டும் எங்கிட்டயே உட்டுருங்க தம்பி," என்றாள் அம்சவேணி.

"உட்டா ரெண்டும் ஒத்துப்போகாதுங்க்கா. அப்புறம் அண்ணனுக்குப் புள்ளையோட மொகமே ஏறாதுங்க."

மருதாசலம் மகளின் படத்தை யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, போட்டுருங்க," என்றாள் அம்சவேணி.

பச்சை விளக்கு எரிந்தது. ஆள் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினான். மருதாசலம் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினார்.

"நம்ம மிருணா! வாசல் கேட்டுக்கிட்ட நின்னு வாயசைக்கறா அம்சா. என்ன சொல்றா?"

அம்சவேணிக்கும் வாயசைவுதான் தெரிந்தது. காலையிலேயே எழுதி வைத்திருந்த காலண்டர் தாளை எடுத்து, பார்த்து வாசித்தாள்.

"அம்மோவ், பசிக்குது."

தாளை மடித்து வைத்துவிட்டு, எழுந்து போய் உலை வைத்தாள்.