கறுப்பு மட்டும் மிச்சம்

கலர் லேசர் பிரிண்டருக்காக லுட்கார்ட் கட்ட வேண்டிய பாக்கி அறுநூற்று நாற்பது யூரோ. பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் நகரில் இறந்தவர்களின் படம் போட்ட நினைவு அட்டைகளை அச்சடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. தேவாலயத்தில் அடக்கப் பூசை முடிந்ததும் வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப்போவார்கள். முகநிறம் நன்றாக விழுகிறது என்றுதான், விலை கூடுதலானாலும் தவணையில் இதையே எடுத்தாள்.

திங்களன்று அச்சடிக்கக் கொடுத்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் அட்டை வந்தது. வெறும் மஞ்சளில் மங்கலாக ஒரு முகம். உதவி எண்ணை அழைத்தாள்.

"அணைச்சுட்டுப் போடுங்க மேடம்."

மறுநாள் அதே முகத்தில் சிவப்பும் சேர்ந்திருந்தது. போனில் வேறொரு குரல் அதையே சொன்னது. புதனன்று நீலமும் சேர்ந்தபோது அது தன் முகம் என்று அவளுக்குத் தெரிந்தது. பிரிண்டரின் நான்கு நிறங்களில் இனி கறுப்பு மட்டும் மிச்சம். பெயரும் இறந்த தேதியும் கறுப்பில்தான் விழும்.

கறுப்பு மைத்தூள் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி அழைத்தாள். இன்னொரு புதுக் குரல்.

"அணைச்சுட்டுப் போட்டுப் பாத்தீங்களா?"

"என் கை தேஞ்சு போச்சு தம்பி. இந்தச் சனியனை எடுத்துட்டுப் போங்க, புண்ணியமா இருக்கும்."

"பாக்கி இருந்தா எடுக்க மாட்டாங்களே. இருங்க, பாக்கறேன்." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் தணிந்தது. "பாக்கி இல்லைங்க. இன்னிக்குக் காலைல தள்ளுபடி பண்ணிட்டாங்க. வாங்கினவங்க தவறிட்டாங்கன்னு போட்டிருக்கு. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"