ஒயர் கட்டிய புளியமரம்

கோடாலியின் முதல் வெட்டு புளியமரத்தில் விழுந்தபோது எங்கள் ரேடியோ கரகரத்தது.

மரம் சாலைக்கு அந்தப் பக்கம். ரேடியோ இந்தப் பக்கம், என் சைக்கிள் கடை மேசையின் மேல். இரண்டுக்கும் நடுவே, சாலையின் தலைக்கு மேலே, ஒரு செம்பு ஒயர்.

சின்னசேலத்தில் வாங்கிய மலிவு ரேடியோ அது. பிளாஸ்டிக் பெட்டி, கண்ணாடிக்குள் நகரும் சிவப்பு முள். சிற்றலையில் வெளிநாட்டு நிலையமெல்லாம் எடுக்கும் என்று கடைக்காரர் சொன்னார். எடுத்தது. ஆனால் ஒயரை உயரத்தில் கட்டினால்தான் பேச்சு கேட்கும். இல்லாவிட்டால் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்தான். வடக்கனந்தல் சாலையில் அந்தப் புளியமரத்தைவிட உயரமானது எதுவும் கிடையாது.

இட ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் முழுக்கச் சாலை மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற ஒரு பஸ்கூட ஓடவில்லை. மறியல்காரர்கள் மரத்தைச் சாலையின் குறுக்கே சாய்க்கத்தான் வந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். என் கவலை மரத்தைப் பற்றி.

அன்று என் மகள் சுபஸ்ரீக்குப் பிறந்தநாள்.

கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் நிலையம் ஒன்று மாலையில் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கும். ஊர், குழந்தையின் பெயர், பிறகு வாழ்த்துகிறவர்களின் பெயர்கள் வரிசையாக. என் மனைவி அம்சவள்ளி போன மாதமே கடிதம் எழுதி, ஒட்டி, கையில் கொடுத்துவிட்டாள். தபால்பெட்டியில் போட்டதோடு சரி, நான் பிரித்துப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் அதுவரை ஒரு விசேஷமும் நடந்ததில்லை. நடத்தினாலும் வர ஆளில்லை. ரேடியோவாவது என் பிள்ளையின் பெயரை நாலு பேர் கேட்கச் சொல்லட்டும் என்றாள். காலையிலேயே குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டாள்.

நான் சாலையைக் கடந்து போய் நின்றேன்.

கோடாலி வைத்திருந்தவர் தனசேகரன். அவர் என்னிடம் பேசுவதில்லை. அது ஊருக்கே தெரியும். அதனால் பக்கத்தில் நின்ற பிச்சைமுத்துவிடம் திரும்பினார்.

"அது இன்னா ஒயருன்னு கேளு."

"இன்னா ஒயருன்னு கேக்கறாரு," என்றார் பிச்சைமுத்து. மூவரும் ஒரே நிழலில் நின்றுகொண்டிருந்தோம்.

"பாப்பாவுக்குப் பொறந்தநாளு. இப்போ ரேடியோவுல பேரு சொல்லுவாங்க. கொஞ்சம் பொறுத்து வெட்டிக்கச் சொல்லுங்க."

"பொறுத்து வெட்டணுமாம்ணா."

"எனக்கும் காது கேக்குது. நீ ஏறி ஒயர அறுக்காம அவுத்துக் குடுத்துடு. மரத்த வுட முடியாதுன்னு சொல்லு."

பிச்சைமுத்து ஏறி அவிழ்த்தார். ஒயர் தொய்ந்து தரைக்கு வந்தது. ரேடியோவில் கடுகு பொரியத் தொடங்கியது.

அம்சவள்ளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். வெட்டுகிற பக்கம் அவள் பார்க்கவில்லை. தனசேகரனும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பொட்டப்புள்ளயா? பையன்னு நெனச்சிக்கினு இருந்தேன். காதுல ஒண்ணத்தையும் காணோமே," என்றார் பிச்சைமுத்து.

யாரும் சிரிக்கவில்லை.

நான் ஒயர் நுனியோடு கடைக்கு ஓடிவந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி அதைத் தூக்கிப் பிடித்தேன். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது.

"தமிழ்நாடு, கள்ளக்குறிச்சி, வடக்கனந்தல்..."

"டேய், நம்மூருடா!"

கோடாலி நின்றது. மொத்தக் கூட்டமும் சாலையைத் தாண்டி ஓடிவந்து கடையை மொய்த்துக்கொண்டது. அதற்குள் குரல் அமுங்கிவிட்டது.

"தூக்குய்யா, இன்னும் தூக்கு!"

நுனிக்காலில் நின்றேன். ஸ்டூல் ஆடியது.

"ரேடியோ நல்ல ரேடியோதான். ஆளுதான் கம்மி ஒசரம்," என்றது ஒரு குரல்.

அப்போது என் கையிலிருந்து ஒயரை யாரோ வெடுக்கென்று பிடுங்கினார்கள். தனசேகரன். கூட்டத்திலேயே அவர்தான் உயரம். கோடாலிக் காம்பின் நுனியில் ஒயரை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

கடுகு அடங்கியது. குரல் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல வந்தது.

"...மூன்றாவது பிறந்தநாள் காணும் செல்வி சுபஸ்ரீயை வாழ்த்துபவர்கள், அன்பு அப்பா செல்லமுத்து, அம்மா அம்சவள்ளி..."

எங்கள் வீட்டில் அவ்வளவு பேர்தான். முடிந்தது என்று நினைத்தேன்.

"...மற்றும், பாசமுள்ள தாய்மாமா தனசேகரன்."

பாட்டு போட்டார்கள். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

தங்கை என்னைக் கட்டிக்கொண்ட அன்று அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், இப்போது எங்கள் வாசலில் கோடாலியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். இறக்கினால் பாட்டு நின்றுவிடும்.

பாட்டு முடிகிறவரை இறக்கவில்லை.

பிறகு பிச்சைமுத்துவிடம் சொன்னார்.

"பாப்பாவுக்கு ஏன் இன்னும் காது குத்தலன்னு கேளு."

பிச்சைமுத்து வாயைத் திறப்பதற்குள் அம்சவள்ளி பதில் சொன்னாள்.

"மாமன் மடி இல்லாம எப்படிண்ணா குத்தறது?"

பிச்சைமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோடாலிக் காம்பிலிருந்து ஒயரை மெதுவாகக் கழற்றினார். அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, புளியமரத்தில் ஏறத் தொடங்கினார்.